படகில் ஈபர்ப் இருக்கிறது. யார் பெயரில் இருக்கிறது?

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்திலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போகும் ஆழ்கடல் படகுக்காரர்கள் ஈபர்ப் பற்றி விசாரிக்கும்போது முதலில் விலை கேட்பார்கள். அடுத்து, எந்தக் கம்பெனி நல்லது என்பார்கள். மூன்றாவதாக, "அரசாங்கம் டாட் கொடுத்திருக்கிறதே, அது போதாதா?" என்பார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள்தான், டாட் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அதிகம் பேர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, அதிலிருந்து தொடங்குகிறேன்: நடுக்கடலில் அந்தக் கருவி கூப்பிட்டால், கரையில் யாருடைய போன் அடிக்கும்?

இது ஏன் முக்கியம் என்று புரிய, கருவி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். ஈபர்ப் என்ற ஆபத்துச் செய்திக் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளைக் கூப்பிடுகிறது. ஏறத்தாழ 50 வினாடிக்கு ஒரு தடவை, அரை வினாடி நேரத்துக்கு ஒரு சிறு செய்தியை வானத்துக்கு அனுப்புகிறது. அந்தச் செய்தியில் குரல் கிடையாது. 15 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் இருக்கும். ஜிபிஎஸ் உள்ள கருவியானால் இருக்கும் இடமும் சேர்ந்து போகும். படகின் பெயர், எத்தனை பேர் ஏறினார்கள், என்ன நிறம், எப்போது கிளம்பியது என்று எதுவும் அதில் இல்லை. அதெல்லாம் கரையில், பதிவேட்டில் இருக்க வேண்டிய விவரம்.

காஸ்பாஸ்-சார்சாட் என்பது இந்தச் செய்திகளைக் கேட்கும் உலக ஏற்பாடு. பனிப்போர் நடந்துகொண்டிருந்தபோதே அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் 1979இல் ஒப்புக்கொண்டு தொடங்கியது இது. முதல் செயற்கைக்கோளை 1982இல் சோவியத் யூனியன் அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறு விமானத்திலிருந்த மூன்று பேரை இந்த ஏற்பாடுதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. நம் பக்கத்துக் கடலில் எழும் செய்தி பெங்களூரில் இஸ்ரோவின் இஸ்ட்ராக் வளாகத்தில் உள்ள இந்தியக் கட்டுப்பாட்டு மையத்துக்கு வரும். இலங்கை, மாலத்தீவு, செஷல்ஸ் ஆகியவையும் அந்த மையத்தின் பொறுப்பில் இருக்கும் நாடுகளே. அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். சென்னை, மும்பை, அந்தமான் என்று மூன்று இடங்களில் அந்த மையங்கள் இருக்கின்றன.

அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி முதலில் போனை எடுக்கிறார். காரணம், உலகம் முழுவதும் இந்தக் கருவிகளிலிருந்து வரும் செய்திகளில் மிகப் பெரும்பாலானவை தவறுதலாக எழுபவை. கழுவும்போது ஒலித்தது, கழற்றி மாட்டும்போது ஒலித்தது, பிள்ளைகள் நோண்டினார்கள் என்று காரணம் பல. அதனால் அந்த 15 எழுத்து யாருடையது என்று பதிவேட்டில் தேடி, அங்கே உள்ள எண்ணைக் கூப்பிடுவார்கள். உங்கள் வீட்டில் போனை எடுத்து, "ஆமாம் சார், படகு கடலில்தான் இருக்கிறது, பன்னிரண்டு பேர், போன செவ்வாய்க்கிழமை கிளம்பினார்கள், லட்சத்தீவுக்கு மேற்கே போவதாகச் சொன்னார்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், சந்தேகம் அந்த நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எத்தனை பேரைத் தேட வேண்டும், என்ன நிறப் படகைத் தேட வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே விமானம் கிளம்பும். பதிவு இல்லாத கருவி கூப்பிட்டாலும் தேடத்தான் செய்வார்கள். ஆனால் யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவார்கள், அதில் வீணாகும் நேரம் தண்ணீரில் கிடப்பவருடைய நேரம்.

ஆகவே கருவி வாங்கிய அன்றே பெங்களூர் மையத்தில் பதியுங்கள். கடைக்காரர் செய்துவிடுவார் என்று விடாதீர்கள். பதிந்ததற்கான தாளை வாங்கி வையுங்கள். கருவி இந்தியாவுக்கான குறியீட்டோடு நிரப்பப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நம் நாட்டின் எண் 419. வெளிநாட்டுக் கப்பலிலிருந்து கழற்றி வந்த பழைய கருவி மலிவாகக் கிடைக்கும். அதற்குள் இருக்கும் அடையாளம் வேறு நாட்டுக் கப்பலுடையது. நீங்கள் மூழ்கும்போது வேறு நாட்டில் எப்போதோ உடைக்கப்பட்ட ஒரு கப்பலின் கம்பெனிக்குப் போன் போகும். 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும் இன்னும் பழைய கருவிகளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2009 பிப்ரவரி 1 முதல் எந்தச் செயற்கைக்கோளும் அதைக் கேட்பதில்லை. புதிய ஈபர்ப்களிலும் 121.5 உண்டு, ஆனால் அது தேடி வரும் விமானமோ கப்பலோ கடைசிச் சில மைலில் திசை பிடிப்பதற்கு மட்டுமே.

பதிவில் எந்தப் போன் எண்களைக் கொடுப்பது? பெரும்பாலும் உரிமையாளர் தன் எண்ணையே கொடுக்கிறார். உரிமையாளரே அந்தப் படகில் ஸ்ராங்காகப் போகிறவராக இருந்தால் அந்த எண் எதற்கும் உதவாது. போனும் அவரோடு கடலில் இருக்கிறது. கரையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேருடைய எண் வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பவர்களாக, தெரியாத எண் என்று வெட்டிவிடாதவர்களாக இருக்க வேண்டும். மனைவியின் எண்ணைக் கட்டாயம் சேருங்கள். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்கும் ஊர்களில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது பெண்கள்தான், படகு எங்கே என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஊர்ச் சங்கத்து எண் ஒன்றும் இருக்கட்டும்.

ஒவ்வொரு தங்கலுக்கும் ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் பதிவில் எண் கொடுத்திருக்கும் கரைக்காரர்கள் கையில் இருக்க வேண்டும். வடமாநிலத்திலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகளின் முழுப் பெயர், ஊர், வீட்டுப் போன் எண் உட்பட. 2017 ஒக்கிப் புயலை இங்கே நினைவுபடுத்தாமல் இருக்க முடியாது. நவம்பர் 29இல் தாழ்வு மண்டலமாக இருந்தது 30ஆம் தேதியே புயலாகிவிட்டது. ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பி, எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தன. ஒயர்லெஸ் செட்டின் வீச்சு படகுக்குப் படகு பத்துப் பதினைந்து நாட்டிக்கல் போனால் அதிகம். காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கும் ஊர்கள் சொன்ன கணக்கும் நெடுநாள் ஒத்துவரவில்லை. யார் யார் எந்தப் படகில் போனார்கள் என்று எழுதிய தாள் கரையில் இருந்திருந்தால், தேடியவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் அந்த வேதனையில் ஒரு பங்காவது குறைந்திருக்கும்.

இப்போது டாட். அது இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துச் செய்திக் கருவி. 2010 முதல் மீனவர்கள் கையில் இருக்கிறது. நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழியாக அதே பெங்களூர் மையத்துக்குச் செய்தி போகும். முதல் தலைமுறைக் கருவியில் ஒரு பெரிய குறை இருந்தது: அழுத்திய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கடலில் இருப்பவருக்குத் தெரியாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறை டாட் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. கரையிலிருந்து பதில் வருகிறது. புயல், சுனாமி எச்சரிக்கையும் வருகிறது. புளூடூத் மூலம் கைப்பேசியில் இணைத்துத் தாய்மொழியிலேயே படிக்கலாம். அலையில் கிடப்பவருக்கு "கேட்டோம், வருகிறோம்" என்ற ஒரு வரி எவ்வளவு பெரிய பலம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கரையோரம் தொழில் செய்யும் ஃபைபர் படகுக்கும், ஓரிரு நாளில் திரும்பும் விசைப்படகுக்கும் இதுவே போதுமானது. கையிலிருப்பது பழைய டாட் என்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் புதியதற்கு எழுதிக் கொடுங்கள்.

தங்கல் படகுக்கு அது போதாது என்பது என் கருத்து. டியாகோ கார்சியாப் பக்கம் வரைக்கும், ஓமன் பக்கம் வரைக்கும் போகிறவர்கள் நீங்கள். ஈபர்பை உலகத்தின் எந்தக் கடலிலும் கேட்பார்கள், செய்தி அந்தந்தப் பகுதியின் மீட்பு மையத்துக்குத் தானாகவே போகும். இன்னொரு பெரிய வேறுபாடு, படகு மூழ்கினால் யாரும் தொடாமலேயே விடுபட்டு மிதந்து கூப்பிடும் ஈபர்ப் உண்டு. பட்டனை அழுத்த ஆளில்லாமற்போகும் நேரத்துக்காகச் செய்யப்பட்டது அது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வசதி ஒன்றுக்குத்தான் என்றால் தங்கல் படகுக்கு ஈபர்ப்.

வாங்கும்போது ஜிபிஎஸ் உள்ளதையே வாங்குங்கள். இல்லாத கருவியையும் செயற்கைக்கோள் கேட்கும், ஆனால் இடத்தைக் கணக்கிட்டுத்தான் சொல்லும், அதில் ஐந்து கிலோமீட்டர் வரை பிசகலாம். ஜிபிஎஸ் இருந்தால் ஏறத்தாழ நூறு மீட்டருக்குள் வந்துவிடும். 2015 அக்டோபர் 1 அன்று பஹாமாஸ் அருகே ஹுவாக்கின் சூறாவளியில் எல் ஃபாரோ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 33 பேரோடு மூழ்கியது. அதன் ஈபர்பில் ஜிபிஎஸ் இல்லை. செய்தி கேட்டது, இடம் தெரியவில்லை. கப்பல் வேறு வழியில் அனுப்பிய செய்தியால் தேட வேண்டிய பகுதி தெரிந்தது என்றாலும், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தச் சூறாவளியில் இடம் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய கப்பலில் அந்த வசதி இல்லாமற்போனது ஏன் என்று விசாரணையில் கேட்டார்கள். பின்னர் விதியும் மாறியது. 2022 ஜூலை முதல் கப்பல்களில் பொருத்தும் புதிய ஈபர்ப்களில் ஜிபிஎஸ் போன்ற இடங்காட்டியும் ஏ.ஐ.எஸ்.ஸும் இருந்தாக வேண்டும். ஏ.ஐ.எஸ். இருந்தால் பக்கத்தில் போகும் கப்பலின் திரையிலும் உங்கள் இடம் தெரியும். விலை குறைவு என்று பழைய மாடலைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ஏமாறாதீர்கள்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் நான் அதிகம் சண்டை போடுவேன். பெரும்பாலான படகுகளில் ஈபர்ப் வீல் ஹவுசுக்குள், அலமாரியில், சாவி போட்டுப் பத்திரமாக இருக்கிறது. விலையுயர்ந்த பொருள், திருட்டுப் போய்விடும், உப்புக்காற்று படும் என்கிறார்கள். அலமாரிக்குள் இருக்கும் ஈபர்ப் படகோடு சேர்ந்து அடிக்குப் போகும். தானாக விடுபடும் வகையில் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்ற சிறு பாகம் இருக்கிறது. தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டரிலிருந்து நான்கு மீட்டர் ஆழத்துக்குள் போனதும் அழுத்தத்தால் அதிலுள்ள கத்தி விடுபட்டுத் தாழை அறுக்கும், மூடி கழன்று கருவி மேலே வரும். மேலே வர வழி இருந்தால்தானே வரும்! ஆகவே வீல் ஹவுஸ் கூரையின் மேலே, திறந்த வெளியில், மேலே தார்ப்பாயோ கயிறோ மடியோ வலையோ சிக்காத இடத்தில் மாட்டுங்கள். ஈபர்பை எடுக்க வேறு எந்த உபகரணமும் தேவைப்படக் கூடாது, நின்ற நிலையில் கை எட்ட வேண்டும்.

ஆனால் இதைக் கவனியுங்கள். ஃபைபர் படகும் சிறு மரப்படகும் மூழ்குவதைவிடக் கவிழ்வதே அதிகம். கவிழ்ந்து அடிப்பக்கம் மேலாக மிதக்கும் படகில் கூரை ஓரடி ஈரடி ஆழத்தில்தான் இருக்கும். அந்த ரிலீஸ் அறுபடும் ஆழம் அது இல்லை. ஈபர்ப் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும். அதனால்தான் தானியங்கி ஒன்று இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாமல், ஆபத்து நெருங்குகிறது என்று ஸ்ராங்கு நினைத்த உடனே ஒருவர் ஈபர்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அது யார் என்று கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்தவர் யார் என்பதையும்.

கையில் எடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? இயக்கும் முறையைக் கருவியின் மேலேயே படம் போட்டிருப்பார்கள். மூடியை உடைத்து ஸ்விட்சைத் தள்ளினால் விளக்கு மின்னும். பெரும்பாலான கருவிகள் மாட்டியிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்டாலே தானாக இயங்கும். அதோடு ஒரு கயிறு இருக்கும். அதைப் படகில் கட்டாதீர்கள். இந்தத் தவறு உலகம் முழுவதும் நடக்கிறது. படகு போகும்போது கருவியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மிதவையிலோ உங்கள் உயிர்காப்பு அங்கியிலோ கட்டுங்கள். ஆன்டெனா வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும், கையால் மூடக் கூடாது, மேலே தார்ப்பாய் வரக் கூடாது. தண்ணீரில் மிதக்க விட்டால் அதுவே நிமிர்ந்து நிற்கும். இயக்கிவிட்டால் அணைக்காதீர்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரம் போட்டு ஒரு மணி நேரம் நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தேடுகிறவர்களுக்குத் தடம் அறுந்துபோகும். ஈபர்ப் 48 மணி நேரமாவது தொடர்ந்து கூப்பிடும்படி செய்யப்பட்டது. கவிழ்ந்த படகு மிதக்கிறதென்றால் அதைவிட்டு நீந்திப் போகாதீர்கள், எல்லாரும் கருவியோடு ஒரே இடத்தில் இருங்கள்.

2018 செப்டம்பரில் கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாகப் பாய்மரப் படகோட்டிய இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பு அடிபட்டு அசைய முடியாமல் கிடந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 நாட்டிக்கல் தூரம். ஈபர்பை இயக்கினார். படகிலேயே இருந்தார். மொரீஷியசிலிருந்து போன இந்தியக் கடற்படை விமானம் மேலிருந்து அவர் படகைக் கண்டது. மூன்றாம் நாள் பிரான்சின் மீன்வள ரோந்துக் கப்பலான ஓசிரிஸ் அவரை ஏற்றிக்கொண்டது. கருவி ஒன்று, ஆள் ஒன்று, இடம் ஒன்று என்று இருந்ததால் அவ்வளவு தூரத்திலும் தேடல் சுருக்கமாக முடிந்தது.

ஆள் மட்டும் கடலில் விழுந்தால்? இரவில் மடி வலிக்கும்போது இதுதான் அதிகம் நடக்கிறது. இதற்கு ஈபர்ப் சரிப்படாது. உடம்பில் மாட்டிக்கொள்ளும் பி.எல்.பி. என்ற சிறிய கருவி அதே 406இல் செயற்கைக்கோளைக் கூப்பிடும், 24 மணி நேரம் பேட்டரி நிற்கும். ஆனால் விழுந்தவரைக் காப்பாற்ற வேண்டியது பக்கத்திலிருக்கும் உங்கள் படகுதானே! பெங்களூர் வரை போய்ச் செய்தி திரும்பி வரும்வரை காத்திருக்க முடியாது. அதற்கு அங்கியில் பொருத்தும் ஏ.ஐ.எஸ். கருவி நல்லது. ஆள் விழுந்ததும் உங்கள் திரையிலேயே அவர் இடம் புள்ளியாக வந்துவிடும், நாலைந்து நாட்டிக்கல் சுற்றளவில் உள்ள மற்றப் படகுகளுக்கும் தெரியும். இதை எல்லா ஸ்ராங்குகளும் மனப்பாடம் செய்யுங்கள்: ஏ.ஐ.எஸ். திரையில் 970, 972, 974 என்று தொடங்கும் எண் வந்தால் அது படகின் எண் கிடையாது. 972 என்றால் ஆள் தண்ணீரில் இருக்கிறார், 974 என்றால் யாரோ ஒருவரின் ஈபர்ப் கூப்பிடுகிறது, 970 என்றால் உயிர்காப்புத் தெப்பத்திலிருந்து வருவது. தொழிலை விட்டுவிட்டு அங்கே போங்கள், 16ஆம் சேனலில் சொல்லுங்கள். இந்த வகைக் கருவிகளுக்கு ஒயர்லெஸ் உரிமம் தொடர்பான விதிகள் உண்டு, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத சாட்டிலைட் போனை எந்த நிலையிலும் படகில் ஏற்றாதீர்கள், சிறைக்குப் போக நேரிடும்.

பராமரிப்பு அதிகமில்லை. கருவியின் மேல் பேட்டரித் தேதி ஒட்டியிருக்கும், அதைத் தாண்டினால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீசில் மாற்ற வேண்டும். கடைத்தெருவில் திறந்தால் தண்ணீர் புகும். ஒரு தடவை நிஜமாக இயக்கியிருந்தாலும் மாற்ற வேண்டும். ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீசுக்குத் தனித் தேதி, பொருத்தியதிலிருந்து இரண்டு வருடம். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், அந்தச் செய்தியைச் செயற்கைக்கோள் ஆபத்தாக எடுத்துக்கொள்ளாது. நிஜ ஸ்விட்சைப் போட்டுச் சோதிக்காதீர்கள். படகை ஹோஸ் போட்டுக் கழுவும்போது கருவி மாட்டியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டியில் இருக்கும்வரை நனைந்தாலும் இயங்காது, உடைந்த மாட்டியில் இயங்கிவிடும்.

தவறுதலாக இயங்கிவிட்டால் பயந்து கடலில் எறிந்துவிடாதீர்கள். எறிந்தால் இரண்டு நாள் கூப்பிட்டுக்கொண்டே மிதக்கும், அதைத் தேடி ஒரு கப்பல் சுற்றும், அந்த நேரத்தில் உண்மையில் மூழ்குகிறவருக்கு அந்தக் கப்பல் இல்லாமற்போகும். அணைத்துவிட்டு உடனே கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள். கரையில் இருக்கும் பொறுப்பாளருக்கும் அந்த எண் தெரிய வேண்டும். படகு குறித்த நாளில் திரும்பவில்லை என்றால் அவர்களும் அதற்குத்தான் கூப்பிட வேண்டும்.

படகை விற்கும்போது எஞ்சின், மடி, எக்கோ சவுண்டர் எல்லாவற்றுக்கும் பேரம் பேசி எழுதிக்கொள்கிறீர்கள். ஈபர்ப் பதிவையும் அன்றே பெயர் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் புதிய உரிமையாளரின் ஆட்கள் கடலில் கிடக்கும்போது போன் உங்கள் வீட்டில் அடிக்கும், "என் படகு இல்லை, விற்றுவிட்டேன்" என்று உங்கள் வீட்டார் சொல்வார்கள், தேடல் அங்கேயே தடுமாறும். காலாவதியான கருவியைப் பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். பேட்டரியை சர்வீசில் கழற்றச் சொல்லி, பெங்களூர் மையத்துக்கு எழுதிப் பதிவை நீக்கிய பிறகு குப்பைக்கு அனுப்புங்கள்.